சிவப்பு வட்டம்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருந்து வேலைக்குப் போய்வந்தேன். அலுவலகம் ஒரு வாரப் பயிற்சிக்கு என்னைத் தனியாகச் சிங்கப்பூருக்கு அனுப்பியபோது, வீட்டுக்கார அன்ரிதான் அதிகம் பதறினார்.

"பொம்பிளைப் பிள்ளை தனியப் போறாய். ஒருத்தரோடயும் கதைக்காதை. கதவுக்குக் கதிரையை முட்டுக் குடுத்திட்டுப் படு."

சிங்கப்பூர் ஹோட்டலில் முதல் இரவு அப்படியே செய்தேன். ஆனாலும் நித்திரை வரவில்லை. ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டதுபோல மனம் அரித்துக்கொண்டே இருந்தது. விடிந்த பிறகுதான் பிடிபட்டது: பொலிஸில் பதியவில்லை! வெள்ளவத்தையில் எந்த வீட்டுக்குக் குடிவந்தாலும் தமிழர் முதலில் செய்கிற காரியம் அதுதானே. சொந்த நாட்டிலேயே பதியவேண்டும் என்றால் பிறநாட்டில் சும்மா விடுவார்களா?

அடையாள அட்டையோடு கீழே ஓடி, ஹோட்டல் வரவேற்பில் நின்ற பெண்ணிடம் பொலிஸ் நிலையம் எங்கே என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. யாராவது தொந்தரவு செய்தார்களா என்றாள். இல்லை, நான் வந்திருக்கிறேன் என்று சொல்லத்தான் என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை; இங்கே அப்படி யாரும் சொல்லத் தேவையில்லை என்றாள். விளக்கிச் சொல்ல எனக்கும் எரிச்சலாக இருந்தது.

பாவம், நல்ல பிள்ளை. நகர வரைபடத்தை விரித்து, பொலிஸ் நிலையத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுத் தந்தாள். தனியே திரியும்போது பயம் வந்தால் நேரே இங்கே ஓடிவிடுங்கள் என்றாள்.

அந்த வரைபடம் மிகவும் உதவியது. கடற்கரை, பூங்கா, சாப்பாட்டுக் கடைகள் என்று ஒரு வாரமும் தனியாகவே சுற்றினேன். சிவப்பு வட்டம் போட்ட தெருப் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்கவில்லை.