இடப்பக்கம் சாய்ந்த பாட்டு

கடலுக்குப் போகிற நாட்களில் நான் சங்கு குளிக்கிறவன். மிச்ச நேரத்தில் பீட் செய்கிறவன். பீட் என்றால் பாட்டுக்கு அடியில் ஓடுகிற தாளமும் இசையும். பாடுகிறவர்கள் வேறு. பெரும்பாலும் வெளிநாட்டுக் குளிருக்குள் இருந்துகொண்டு எங்கள் ஊர் வெயிலைப் பற்றிப் பாடுகிற பிள்ளைகள். குரலை அவர்கள் அனுப்புவார்கள், அடியை நான் அனுப்புவேன். மன்னாரில் இருந்துகொண்டு இதைச் செய்கிறேன் என்றால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக் கலியாணத்தில் ஆடுவதும் என்னுடைய அடிக்குத்தான்.

கடலும் பாட்டும் ஒரே கிழமைக்குள் அடிபடாமல் இருக்கவேண்டும் என்றால் ஒழுங்கு வேண்டும். என்னிடம் ஒழுங்கு இருந்தது. கிழமைத் தொடக்கத்தில் சத்தம் பிடிப்பேன். நங்கூரச் சங்கிலி, உப்புக்குளத்துச் சந்தியில் நின்று கத்துகிற கழுதை, ஐஸ் பெட்டியின் மூடி, எதையும் விடமாட்டேன். அந்த மூடியின் சத்தத்தைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டால் போதும், நெஞ்சில் இடிக்கிற டிரம் ஆகிவிடும். பிடித்த சத்தங்களை இடிக்கிறது, கிலுங்குகிறது, அழுகிறது என்று பிரித்து லப்டொப்பில் தனித்தனியாகப் போட்டு வைப்பேன். வெறும் திரையைப் பார்த்தால் எனக்கு விசர் பிடிக்கும். அதனால் டிரம் மேலே, பேஸ் கீழே, குரலுக்கு நடுவில் இடம் என்று ஒரு அச்சு எப்போதும் தயாராக இருக்கும். கிழமை நடுவில் அடுக்குவேன். எது கூட, எது குறைய என்று சமன் பார்க்கிற வேலை மட்டும் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்குப் போய் வந்த பிறகு.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிறு எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. நான் சனியும் போகமாட்டேன். குளித்த காதை நம்பக்கூடாது என்பது என் சட்டம். ஆழத்துக்கு இறங்கும்போது மூக்கைப் பொத்தி ஊதி ஊதித்தான் காதைத் திறக்கிறோம். ஏறி வந்தால் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டு நிற்கும். எனக்கு எப்போதும் இடப்பக்கம். சங்கு குளிக்கிற எவனைக் கேட்டாலும் காது அடைப்பை ஒரு நோய் வருத்தம் என்றே சொல்லமாட்டான். தேங்காய் எண்ணெயில் உள்ளிப்பூண்டைப் போட்டுச் சூடாக்கி இரண்டு துளி விட்டுவிட்டு, அடுத்த நாளும் போவான். நானும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைக் காது சுத்தமான காது, அது பொய் சொல்லாது என்று வேதம் போல நம்பியிருந்தேன்.

சோளகக் காற்று தொடங்கியிருந்த நேரம். கனடாவில் இருக்கும் ஒரு பிள்ளையின் பாட்டுக்கு அடி செய்துகொண்டிருந்தேன். அந்த ஞாயிறு சமன் பார்க்கும்போது இடப்பக்கம் கொஞ்சம் செத்துக் கிடப்பதுபோல் இருந்தது. அடுக்கும்போது நான்தான் குறைத்து வைத்துவிட்டேன் என்று நினைத்து இடப்பக்கத்தைக் கூட்டினேன். பிறகும் கூட்டினேன். நல்லாய் வந்துவிட்டது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு மச்சானைத் தேடிப் போனேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. டவுனில் ஓட்டோ ஓடுகிறான். எந்தப் பீட்டையும் அனுப்புவதற்கு முன் அவனுடைய ஓட்டோவில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். எங்கள் சனம் பாட்டுக் கேட்பது ஓட்டோவுக்குள்தானே. பின் சீட்டுக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர் பூட்டி வைத்திருக்கிறான். பாட்டு ஓடியது. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“என்னடா மச்சான் இது? பாட்டு ஒரு பக்கம் சாயுது. தண்ணி எடுத்த வள்ளம் மாதிரிக் கிடக்கு.”

“உன்ர வயர் கழண்டிருக்கும்.”

“என்ர வயரோ? போன கிழமைதான் மாத்தினனான்.”

அவன் விடுகிற ஆள் இல்லை. இறங்கிப் போய் இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொழுவினான். இப்போது மற்ற ஸ்பீக்கர் கத்தியது.

“பாரன். ஸ்பீக்கர் பிழையெண்டா அதே ஸ்பீக்கர் எல்லோ செத்திருக்கவேணும்? உன்ர பாட்டுத்தான் பிழை.”

“ஓட்டோ ஓடுறவன் எனக்குப் பாட்டுப் படிப்பிக்காதை” என்று கத்திவிட்டு இறங்கினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. ஆனால் தாராபுரம் பாதையால் வீட்டுக்கு வருகிற வழியில் அந்தக் கோபத்துக்குக் கீழே வேறு ஒன்று அசைந்தது. அவன் சொன்னது சரி. ஸ்பீக்கர் பிழையில்லை. அப்படியென்றால் ஹெட்போன் பிழை. கடவுளே, ஹெட்போன்தான் பிழையாக இருக்கவேண்டும்.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவாய் வருகிற ஒரு கைதட்டலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். இடப்பக்கம் மெல்லமாய்க் கேட்டது. சரி, ஹெட்போனின் இடப்பக்கம் பழுது. அதை நிச்சயப்படுத்துவதற்காகத்தான் ஹெட்போனைத் திருப்பிப் போட்டேன். பழுதான பக்கம் இப்போது என் வலது காதில். அங்கே மெல்லமாய்க் கேட்கவேண்டும்.

வலது காதில் கைதட்டல் தெளிவாய்க் கேட்டது. இடது காதில்தான் மெல்லமாய்க் கேட்டது. திரும்ப மாற்றினேன். திரும்பவும் இடது காது. இன்னும் எத்தனை முறை மாற்றினேனோ தெரியாது. ஹெட்போனைக் கழற்றி நிலத்தில் வைத்தேன். என்ர மாதாவே, இது ஞாயிற்றுக்கிழமை. சுத்தமான காது இருக்கிற நாள்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. உள்ளி எண்ணெய் விட்டேன். ஆவி பிடித்தேன். இடது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்ப்பதே வேலையாகப் போயிற்று. சாப்பிடும்போதும் சொடுக்குவேன், மனைவி நிமிர்ந்து பார்த்தால் ஈ கலைப்பதுபோல் கையை வீசுவேன். அடைப்பு இளகினால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு கடலுக்கும் போனேன். போகாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லவேண்டி வரும்.

அந்தக் கிழமைதான் அது நடந்தது. சங்குப் பையோடு மேலே வந்து தலையை நீட்டினேன். அலை முகத்தில் அடித்தது, கண்ணுக்குள் உப்பு. என்ஜின் சத்தம் கேட்டது. அது எனக்கு வலப்பக்கத்தால் வருவதுபோல் கேட்டதால், போட் வலப்பக்கம் நிற்கிறது என்று நினைத்து அதை நோக்கி நீந்தினேன். யாரோ கத்தினார்கள். அந்தச் சத்தமும் வலப்பக்கத்தால்தான் வந்தது. ஒரு காதால் கேட்கிறவனுக்கு உலகத்திலுள்ள எல்லாச் சத்தமும் அந்தக் காதுப் பக்கத்தால்தான் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நீந்த நீந்த அங்கே போட் இல்லை, வெறும் தண்ணீர். என்ஜின் மட்டும் பெருத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் போட்டின் மூக்கு என் தலைக்கு நேரே. கடைசி நேரத்தில் என்ஜினை நிறுத்தி வெட்டித் திருப்பினார்கள். பக்கப் பலகை என் தோளை உரசிக்கொண்டு போனது.

என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, போட் ஓட்டுகிற அண்ணர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏசினார். “என்னடா, பின்னுக்கு, பின்னுக்கு எண்டு தொண்டை கிழியக் கத்துறம். செவிடன்ர காதில சங்கு ஊதின மாதிரி எல்லோ போறாய்!”

சங்கு நிறைந்த போட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னதும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயம் தெளிந்த சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பலகையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அந்தப் பழமொழியைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் கடலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு அறைக்குள் இருத்தி, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நானும் பீட் செய்கிறவன்தானே. எந்த இடைவெளியில் அடுத்த சத்தம் வரும் என்று மனம் தானாகக் கணக்குப் பார்த்தது. கேட்காததையும் கேட்டதாக அழுத்தி ஏமாற்றிவிடலாம் போல இருந்தது. ஒன்றிரண்டு முறை அழுத்தியும் பார்த்தேன். டாக்டர் அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

“தம்பி, கேட்டால் மட்டும் அழுத்துங்கோ. இது சோதனை, போட்டி இல்லை.”

முடிவைப் பார்த்துவிட்டு அவர் பொறுமையாகச் சொன்னார். இடது காது உள்ளே நரம்போடு பழுதாகியிருக்கிறது. அது நேற்று இன்று வந்தது இல்லை. போனது திரும்பி வராது. வலது காதிலும் மேல் சுருதிகள் கொஞ்சம் குறையத் தொடங்கியிருக்கின்றன.

“இனிக் கடலில இறங்கக்கூடாது. இறங்கினா மற்றதும் போகும். இருக்கிறதைக் காப்பாத்துவம், என்ன?”

“ஓம்” என்றேன். வெளியே வந்து மோட்டார் சைக்கிளின் திறப்பைப் பூட்டுத் துளைக்குள் போடத் தெரியாமல் நின்றேன். கடல் சோறு, பாட்டு சம்பல். சம்பலுக்காக யாராவது சோற்றை விடுவார்களா? லப்டொப்பை விற்றுவிட்டு, மற்றக் காதும் போகும்வரை குளித்தால் என்ன என்றும் யோசித்தேன். பாட்டு இல்லையென்றால் காது எதற்கு? அப்படித்தான் ஓடியது புத்தி. பிறகு மனைவி கூப்பிடுவது கேட்காத ஒரு வீட்டை நினைத்துப் பார்த்தேன். தெருவென்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

ஞாயிறு, பூசை முடிந்து, கொண்டச்சிப் பக்கம் இருக்கிற மனைவியின் தாய்வீட்டுக்குப் போனோம். தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகிற அந்த நீண்ட பாலத்தில் சோளகம் மோட்டார் சைக்கிளைப் பிடித்துத் தள்ளியது. அவள் பின்னுக்கு ஒருபக்கமாய், கால் இரண்டையும் இடப்பக்கம் போட்டு இருந்தாள்.

“இஞ்சாருங்கோ, அம்மாவுக்கு மருந்து எடுத்தனீங்களோ?”

அந்தக் காற்றிலும் தெளிவாய்க் கேட்டது. எப்படிக் கேட்டது என்று யோசித்தேன். வலது காதில் கேட்டது. இடப்பக்கம் திரும்பி இருக்கிறவள், என் முதுகுக்குப் பின்னால் கழுத்தை வளைத்து, எட்டி, வலது காதுக்கு வந்து கதைக்கிறாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் இடது தோளில் நாடியை வைத்துக்கொண்டு கதைத்தவள்.

பாலம் முடிகிற இடத்தில் நிறுத்தினேன்.

“நீ ஏன் இந்தப் பக்கத்தால கதைக்கிறாய்?”

அவள் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். “மற்றப் பக்கத்தால கதைச்சா நீங்கள் ஓம், ஓம் எண்டு சும்மா சொல்லுறியள். என்ன கேட்டாலும் ஓம்.”

“எப்ப தொடக்கம்?”

“நத்தாருக்கு முந்தியே.”

எனக்கு ஒருகணம் அவள்மேல் பொல்லாத ஆத்திரம் வந்தது. மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு முந்தி சொல்லியிருந்தால் அரைவாசியாவது மிஞ்சியிருக்கும். “ஏன் சொல்லேல்ல?” என்று கத்தினேன். மீன் கொண்டு போன ஒருவர் சைக்கிளை மெதுவாக்கி எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

“பயம்” என்றாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது. “சொன்னா நீங்கள் கடலை விடமாட்டியள். லப்டொப்பைத்தான் மூடி வைப்பியள். பிறகு நீங்கள் எப்பிடி இருப்பியள் எண்டு எனக்குத் தெரியும்.”

ஆஸ்பத்திரி வாசலில் நான் யோசித்ததை அவள் நத்தாருக்கு முந்தியே யோசித்திருக்கிறாள். நானும்தானே அவளிடம் ஒளித்தேன். இனிக் கடலில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு ஏறி இருந்தாள்.

அடுத்த நாள் போட் அண்ணரிடம் இனி இறங்கமாட்டேன் என்று சொன்னேன். போட்டைப் பார்க்கவும் சங்கு கழுவவும் ஆள் வேண்டும், கரையில் நில் என்றார். அவர் காரணம் கேட்கவில்லை. செவிடன் என்று சொல்லிச் சிரித்தது அவருக்கும் நினைவிருந்திருக்கும்.

கனடாப் பிள்ளையின் பாட்டு இன்னும் சாய்ந்தபடியே கிடந்தது. இப்போது ஞாயிறு வரை காத்திருக்கத் தேவையில்லை. எல்லா நாளும் ஒரே காதுதான். அன்று பின்னேரம் மனைவியைக் கதிரையில் இருத்தி, ஹெட்போனை அவளுடைய தலையில் மாட்டினேன். அவளுக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கம் கூட என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

“இடப்பக்கம் காது வெடிக்குது” என்றாள்.

குறைத்தேன்.

“இன்னும்.”

இன்னும் குறைத்தேன்.

“கொஞ்சம் பொறுங்கோ. ஓம். இப்ப நடுவில நிக்குது.” அவளுடைய முகம் மலர்ந்தது. “ஐயோ, வடிவாய் இருக்கு. நீங்களும் கேளுங்கோ.”

ஹெட்போனை வாங்கி மாட்டினேன். முதலில் பழைய அளவில் கேட்டேன். பிறகு அவள் சொன்ன அளவில் கேட்டேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவள் எழும்பி வந்து என் வலப்பக்கத்தில் நின்றாள்.

“என்ன, சரியோ?”

“ஓம், ஓம்” என்றேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். என்னுடைய நாடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“சும்மா ஓம் சொல்லாதேங்கோ. எனக்குச் சொல்லுங்கோ.”

முற்றத்தில் காற்று பனை ஓலையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் எனக்கு வலப்பக்கத்தால்தான் வந்தது.

“கேக்கேல்ல” என்றேன்.