ஜன்னலுக்குக் கீழே இற்றுப்போன மரம்

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கேரவனின் முன்ஜன்னலுக்குக் கீழே குன்வோர் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று. பலகைக்குப் பின்னால் மரம் ஊறிக் கறுத்துக் கிடந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஃபாகெர்நெஸ் ஊரில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்தாறு வருஷ வேலை. கணவன் டோர்லைவ் பனி வாரும் லாரி ஓட்டியவன். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவனுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதுவரை காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் இந்தச் சின்ன வீட்டு வண்டிக்குள் யாரையும் கைவைக்க விட்டவனில்லை. பிப்ரவரியில் மூன்று வாரம் மலைமேல் பனிக்குள் தங்குவதென்றால் அவனுக்கு உயிர். இப்போது வேலையெல்லாம் அவள் தலையில். வாய் மட்டும் அவனுடையது.

"பைப்புல தண்ணிய வடிச்சியா?" என்று வீட்டு அடுப்படி ஜன்னலிலிருந்து குழறலாகக் கேட்பான்.

"வடிச்சாச்சு."

"ஊதிப் பாத்தியா? வளைவுல ஒரு வாய்த் தண்ணி நிக்கும். உறைஞ்சா பைப் வெடிச்சிரும்."

"ஊதிட்டேன் டோர்லைவ். நெஞ்சே வெளிய வந்துரும் போல ஊதிட்டேன்."

"கதவு ரப்பருக்கு எண்ணெய்?"

அவள் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போவாள்.

மரம் இற்றதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு யோசனை சொல்வான். செவ்வாயும் வியாழனும் டாக்ஸி வந்து அவனை உடற்பயிற்சிக்கு அழைத்துப்போகும். அந்த இரண்டு மணி நேரத்தில் அறுத்தாள். இற்ற பாகத்தைத் துண்டு துண்டாகப் பெயர்த்தாள். விசிறி வைத்து ஒரு வாரம் காயவிட்டாள். புதுக் கட்டை வைத்து, குளிர் தடுக்கும் பஞ்சு அடைத்து, மேலே ஒட்டுப்பலகை அறைந்தாள். விரல் நகம் ஒன்று கறுத்து விழுந்தது. "சமையல்கட்டுல கதவுல நசுங்கிருச்சு" என்று சொல்லிவைத்தாள்.

பிப்ரவரியில் மலைக்குப் போனார்கள். சக்கரத்துக்கடியில் பலகை போட்டாள். கைப்பிரேக்கைப் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும், அதனால் கட்டைதான் கொடுத்தாள். கழிவு நீருக்கு வாளி வைத்தாள். குளிரிலும் உறையாத காஸ் சிலிண்டரை மாட்டி ஹீட்டரைப் பற்றவைத்தாள். டோர்லைவை இரண்டு கையாலும் அணைத்துப் படியேற்றினாள். அடுத்து மூன்று வாரம் தண்ணீர்க் கேன், பனி வாரி, அவனுக்குக் காலுறை, காப்பி, மறுபடி பனி வாரி.

ஐந்தாம் நாள் விடிந்தபோது முழங்கால் உயரம் புதுப்பனி. காலை பத்து மணிக்கு ஹீட்டர் அணைந்தது.

"புகைக்குழாய் மூடியிருக்கும். மேல ஏறி வாரு" என்றான் டோர்லைவ்.

ஏணி வைத்து ஏறினாள். குழாயைச் சுற்றிலும் வாரித் தள்ளினாள். காற்றுத் துளைகளையும் துடைத்தாள். வேலை முடிந்தது. ஆனால் இறங்கத் தோன்றவில்லை. கூரைமேலேயே உட்கார்ந்துகொண்டாள். கால் தொங்கியது. மனசில் ஒன்றுமே இல்லை.

பக்கத்து வண்டிக்காரர் ஹால்வார், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், சுள்ளி உடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன குன்வோர், மாடியிலயே குடியேறிட்டியா? வாடகைக்கு விடுறதா இருந்தா சொல்லு."

"கீழ வந்தா வேலை சொல்லுவாரு ஒருத்தர். இங்க குளிரு மட்டும்தான்."

அவர் சிரிக்கவில்லை. கோடரியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "கை எதுவும் வேணும்னா கேளு. எத்தனை வருஷமா சொல்றேன். உன் ஆளுதான் வேணாம் வேணாம்ங்கிறான்."

உள்ளே வந்து ஹீட்டரை மறுபடி பற்றவைத்தாள். டோர்லைவ் நல்ல கையால் ஜன்னலுக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பலகை புதுசு. ஆணி வேற ஆணி."

"ஆமா. இத்துப்போயிருந்துச்சு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான் விழறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தெரியும். பசை பூசி மேல தாளை ஒட்டிவெச்சேன். சொன்னா வண்டிய வித்துடலாம்னு சொல்லியிருப்ப."

குன்வோர் கையிலிருந்த தீப்பெட்டியை மேசைமேல் வைத்தாள். விழுந்த நகம் நினைவுக்கு வந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே.

"எனக்கு அலுத்துப்போச்சு டோர்லைவ்," என்றாள் மெதுவாக. "உன்மேல இல்ல. இந்த வண்டிமேலயும் இல்ல. என்னால முடியல. அடுத்த வருஷம் இதை நான் இழுத்துட்டு வரமாட்டேன்."

அவன் புதுப் பலகையை இன்னொரு தடவை தடவினான். பிறகு கேட்டான். "வண்டி இங்கயே வருஷம் பூரா நின்னா?"

"நின்னா யார் பனி வாருவாங்க? யார் கூரையைப் பாப்பாங்க?"

"ஹால்வார் இங்கயேதான் கிடக்கிறான்."

"அப்ப நீயே போய்க் கேளு. நான் கேக்கமாட்டேன்."

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன் அவன். லாரி பள்ளத்தில் இறங்கியபோதுகூட விடியும்வரை தானே தோண்டி எடுத்தவன். அவன் தடியை எடுத்தான். ஒரு கையால் கோட்டை மாட்ட ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. படியிறங்கும்போது மட்டும் தோள் கொடுத்தாள்.

ஹால்வாரின் வண்டி நாற்பது அடி தூரத்தில் இருந்தது. அவள் காலையிலேயே வாரிவைத்த பாதைதான். டோர்லைவ் தடியை ஊன்றி, காலை இழுத்து, நின்று, மறுபடி ஊன்றிப் போனான். குன்வோர் ஜன்னல் வழியே பார்த்தாள். ஒரு தடவை சாய்ந்தான். அவள் கை கதவுப் பிடிவரை போய்த் திரும்பி வந்தது. அவன் நிமிர்ந்துகொண்டான். ஹால்வார் கதவைத் திறந்து அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே ஏற்றினார்.

அங்கே என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அந்த வருஷத்திலிருந்து வண்டி மலைமேலேயே நின்றது. பைப்பை வடிக்கிற செப்டம்பர் வேலையை ஹால்வார் செய்தார். டோர்லைவ் போனில் அவர் காதைக் குடைந்தான்.

அன்றைக்கு அவள் பூட்ஸைக் கழற்றினாள். கட்டிலில் கால் நீட்டினாள். அவன் திரும்பி வருவதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.