சுருண்ட போர்க்கப்பல்கள்

தலவாக்கலையில் நடக்கவிருந்த பள்ளிக் கண்காட்சிக்காக மகளும் நானும் காகிதத்தில் ஆறு போர்க்கப்பல்கள் செய்தோம். ஒவ்வொரு துண்டையும் அடிமட்டம் வைத்து அளந்து வெட்டியவன் நான். மூன்று நாளாக விடாத தூறலில் கோதுமை மாவுப் பசை காயவே இல்லை. மறுநாள் கண்காட்சி.

“பெக்டரியில தேயில காயுதே, கப்பல் காயாதாப்பா?” என்றாள்.

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அதற்கு அனுமதி இல்லை. ஆனாலும் கொண்டுபோய், தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தேன். மாலையில் எடுத்தபோது ஆறு கப்பல்களும் தேயிலையைப் போலவே சுருண்டிருந்தன. மூன்று நாள் உழைப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

“இப்பதாம்ப்பா குண்டடி பட்ட மாதிரி இருக்கு. நீங்க செஞ்சப்ப எல்லாம் புதுசா நின்னுச்சு. சண்டைன்னு யாரு நம்புவாங்க?”

ஒன்றையாவது நிமிர்த்தித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அடிமட்டத்தை எடுத்து ஒளித்துவிட்டாள்.