கீச்சென்றால் நம்ம டாக்சி

வண்டி கிளம்பாவிட்டால் டாக்சிக்காரனுக்கு அன்றைய பிழைப்புதான் போகும். கம்யூனிஸ்ட் கலகத்தை அடக்க மலாயாவில் போட்ட அவசரகாலத்தில் கோலா சிலாங்கூர்ப் பக்கம் ஓட்டியவனுக்கோ, போலீஸ் தடுப்பில் வண்டி நிற்காவிட்டால் உயிரே போய்விடும். பழைய காரோடு பட்டறை பட்டறையாக அலைந்த அன்பர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

பெண் பார்க்கப் போனோம்

பிரேக்கை மிதித்தால் என் கார் கீச்சென்று கத்தும். ஒரு நாள் பெண் பார்க்க ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு முன்னால் நிறுத்தியதும் மொத்த லயமும் வாசலுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டார்: "ஏன் தம்பி, கல்யாணத்துக்கு மேளம் தனியா சொல்லணுமா, இதுவே போதுமா?"

அரை மணி நேர வைத்தியம்

மானம் போகிறதே என்று சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு பட்டறையில் விட்டேன். அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். சத்தமே இல்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் போலீஸ் தடுப்பு வரைக்கும்தான். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி அது பாட்டுக்குப் போகிறது. துப்பாக்கிகளைத் தூக்கிவிட்டார்கள். கைப்பிரேக்கை இழுத்து, தடுப்புக் கட்டையை உரசிக்கொண்டு நின்றேன். செத்துப் பிழைத்தேன் என்றுதான் சொல்லவேண்டும். திரும்பிப் போய்ச் சண்டை போட்டால், பிரேக் கட்டையில் தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறார் அந்த மகராசன். கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "சத்தம் வரக்கூடாதுன்னுதானே சொன்னீங்க, வண்டி நிக்கணும்னு சொல்லலையே லா!"

ரவாங் அருளப்பன்

யாரோ சொல்லி, ரவாங்கில் அருளப்பன் என்ற மெக்கானிக்கிடம் போனேன். எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்றேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே தோட்டத்து ரோட்டுச் செம்மண் மாவு மாதிரி அப்பியிருந்தது. எண்ணெய் குடித்த கட்டைகளை மட்டும் மாற்றி, பழையதை என் கையிலேயே கொடுத்தார். மற்றதைத் துடைத்து, விளிம்பைத் தேய்த்து மாட்டினார். ஒரு மெக்கானிக் என்னை ஏமாற்றாதது அதுதான் முதல் தடவை, கண் கலங்கிவிட்டது. அவரோ சிரித்தார்: "பிரேக்கு மேல தப்பில்லண்ணே, பாதித் தோட்டத்த நீங்கதான் உள்ள ஏத்திட்டுத் திரியிறீங்க."

ஆறு மணி கேட்

எங்கள் தோட்டத்து முள்வேலி கேட்டை ஊரடங்குக்காக மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். காவலுக்கு நின்ற முனியாண்டி எங்கள் லயத்துக்காரன்தான். என் காரின் கீச்சு கேட்டதுமே கேட்டைத் திறந்துவிடுவான். அன்று ஆறு அடிக்கிற நேரத்தில், பூனை மாதிரி வந்து நின்றேன். கேட் திறக்கவில்லை. மணல் மூட்டைக்கு மேலே துப்பாக்கி முனைதான் எட்டிப் பார்த்தது.

"முனியாண்டி, நான்தான்டா!" என்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அலறினேன். காரை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தான். துப்பாக்கியை இறக்கிவிட்டு மூச்சு வாங்கியபடி சொன்னான்: "அந்தக் கீச்சுதானே அண்ணே உங்க அடையாளக் கார்டு, அத எங்க தொலைச்சீங்க?"

பிரேக்கின் வாயை அடைத்த அன்றிலிருந்து, ஒவ்வொரு கேட்டிலும் தலையை வெளியே நீட்டிக் 'கீச்' என்று கத்துகிற வேலை என்னுடையதாகிவிட்டது.