செட்டில் என்ற நல்ல வார்த்தை

முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன் நான். கடைசி ஒன்பது வருடம் தலைமை எழுத்தர். எந்த மனுவுக்கு எவ்வளவு கோர்ட் ஸ்டாம்பு, எந்த வாய்தாவுக்கு யார் வர வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். என் மனைவி ஒருமுறை அப்படி எழுப்பிக் கேட்டும் பார்த்தாள். சொன்னேன். அதன்பிறகு கேட்கவில்லை.

சங்கரன்கோவில் கோர்ட்டில் மக்கள் நீதிமன்றம் கூடும் நாட்களில் எனக்குத்தான் வேலை அதிகம். கடன் பாக்கிக்காரர்கள் ஒரு வரிசை, வங்கிக்காரர்கள் ஒரு வரிசை. குருவிகுளம் பக்கத்து விவசாயிகளும் ஊருக்குள் இருக்கிற தறிக்காரர்களும் வந்து, கையில் நோட்டீசை வைத்துக்கொண்டு என் மேஜையருகே நிற்பார்கள். "பாதியத் தந்தாப் போதும்னு பேங்க்காரன் சொல்லுதான். செட்டில் பண்ணிட்டுப் போங்க வே. இழுத்தா வட்டிதான் ஏறும்" என்பேன். இப்படி எத்தனை பேரை அனுப்பினேன் என்று எண்ணி வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டிலிருந்து போகிறவர்கள் போலிருக்கும்.

நானும் அப்படி ஒருநாள் போயிருக்கிறேன்.

மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானபோது வாரம் இரண்டு முறை திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வந்தோம். அது இரண்டு வருடம் நடந்தது. ஒரு தனியார் வங்கியில் இரண்டு லட்சம் கடன் வாங்கினேன். அது போதாமல் தெரிந்தவர்களிடம் கைமாற்று. அவள் போன பிறகு கைமாற்றுகளை முதலில் அடைத்தேன். மனிதனுக்கு மானம் உண்டு, வங்கிக்குக் கிடையாது என்பது அப்போது என் சித்தாந்தம். வங்கி ஒரு வருடம் போன் செய்து பார்த்தது. பிறகு வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அது என் மேஜைக்கே வந்தது. என் பெயருள்ள கட்டுக்கு என் கையாலேயே எண் போட்டேன். அது விதிமீறல் இல்லை. விதியைப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

பாக்கி ஒரு லட்சத்து எண்பதாயிரம். தொண்ணூறாயிரத்துக்குப் பேசி முடித்தேன். சக ஊழியர்கள் டீ வாங்கித் தரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகளிடம், "அம்மா கடன் செட்டில் ஆயாச்சு" என்றேன். அவள் தலையாட்டினாள்.

ஓய்வு பெற்று இப்போது மூன்று வருடம் ஆகிறது. மகளைச் சிவகிரியில் கட்டிக்கொடுத்தேன். அது சரியாக வரவில்லை. விவாகரத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவள் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள். இருபத்திரண்டு வருடமாக நாங்கள் குடியிருந்தது ஒரே வாடகை வீடு. வீட்டுக்காரர் கடையநல்லூர்க்காரர். வளைகுடாவில் வேலை. போன ஆடி மாதம் லீவில் வந்தவர், பேரீச்சம்பழ டப்பாவோடு வீட்டுக்கு வந்தார்.

"மகளுக்கு நிக்காஹ் வச்சிருக்கு அண்ணாச்சி. வீட்டக் கொடுக்கலாம்னு இருக்கேன். வெளிய சொல்லுததுக்கு முன்னால உங்ககிட்ட சொல்லணும்லா."

விலையைச் சொன்னார். நியாயமான விலைதான்.

"நாப்பது நாள்ல திரும்பிப் போறேன். அதுக்குள்ள லோன் சரியாயிட்டுன்னா பத்திரத்தைப் போட்டுட்டு நிம்மதியாப் போவேன். நீங்க இருந்த வீட்டுல நீங்களே இருங்க."

மகள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இனி யாரும் காலி பண்ணச் சொல்லாத ஒரு இடம் வேண்டும் என்பதைத் தவிர, திரும்பி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் முகத்தில் பார்த்ததை நான் அதற்கு முன் வெகுகாலம் பார்த்திருக்கவில்லை.

அவள் சம்பளம் மட்டும் போதாது, என் ஓய்வூதியத்தையும் சேர்த்துக் காட்டினால் வீட்டுக் கடன் கிடைக்கும் என்று வேறொரு வங்கியில் சொன்னார்கள். ஆவணங்களை வரிசைப்படி அடுக்கி, பக்கத்துக்கு எண் போட்டு, மேலே ஒரு அட்டவணையும் வைத்துக் கொடுத்தேன். வங்கி மேலாளர் அந்த அட்டவணையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"சார், நீங்க முன்னால ஒரு லோன செட்டில் பண்ணியிருக்கீங்களா?"

"ஆமா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அதான் சார் பிரச்சனை."

திரையை என் பக்கம் திருப்பினார். என் கடன் வரலாறு முழுவதும் ஒரு பக்கத்தில் அடங்கியிருந்தது. அந்தத் தனியார் வங்கியின் பெயருக்கு நேரே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'செட்டில்டு'. முழுதாகக் கட்டியிருந்தால் அங்கே 'க்ளோஸ்டு' என்று இருந்திருக்குமாம்.

மகளும் என்கூட வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க செட்டில் ஆயிட்டீங்கப்பா. நான்தான் ஆகல." கோபமாகச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது எழுதுவது. எழுதினேன். மக்கள் நீதிமன்றத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு இல்லை, ஆகவே என்னை இன்னும் பாக்கிக்காரனாகக் காட்டுவது சட்டவிரோதம் என்று ஐந்து பக்கம். ஒப்புகை அட்டையோடு அந்தத் தனியார் வங்கிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எல்லாமாக நாற்பதில் எட்டு நாள் போயிற்று. ஆடித்தபசு உள்ளூர் விடுமுறையில் இன்னொரு நாள்.

பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, அந்த வங்கியின் பழைய கடன்களை வசூலிக்கும் ஏஜென்சியிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார்.

"சார், உங்க லெட்டரப் படிச்சோம். நல்லா எழுதியிருக்கீங்க. எங்க ஆபீசுல யாருக்கும் புரியல."

"எந்த இடம் புரியல?"

"எல்லா இடமும் புரிஞ்சுது. எதுக்கு எழுதினீங்கன்னுதான் புரியல. உங்ககிட்ட யாரும் ஒத்த ரூவா கேக்கலயே."

"கேக்கலன்னா அந்த வார்த்தை ஏன் அங்க இருக்கு?"

"நடந்ததத்தான போட்டிருக்கு. செட்டில் ஆச்சுல்லா? அதத்தான் சொல்லுது."

பொய்யாக ஒன்று எழுதப்பட்டிருந்தால் அதைத் திருத்த எட்டு வழி எனக்குத் தெரியும். உண்மையைத் திருத்த எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

"நான் அத நல்ல வார்த்தைன்னு நெனச்சுட்டேன் வே" என்றேன்.

"நம்மூர்ல நல்ல வார்த்தைதான் சார். கல்யாண வீட்டுல யார்ட்டயும் கேளுங்க. லோன் ஆபீசுல, பாதிப் பந்தியில எந்திரிச்சுப் போனவனுக்கு அந்தப் பேரு."

இவ்வளவு தெரிந்தவர் யார் என்று பார்க்கத் தோன்றியது. "நீரு எப்படி, செட்டிலா க்ளோஸ்டா?"

"எனக்கு ரெண்டு தறி இருந்துச்சு சார். ரெண்டையும் வித்து முழுசா அடைச்சேன். க்ளோஸ்டு." செம்பைக் கீழே வைத்தார். "அதனாலதான் இந்த வேலை குடுத்தாங்க."

வழி ஒன்றுதான் என்றார். அன்றைக்கு விட்டுக்கொடுத்த தொண்ணூறாயிரத்தை இப்போது நானாகக் கட்ட வேண்டும். கட்டினால் பதிவை மாற்றுவோம் என்று வங்கியிடம் முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பணத்தை யார் கையிலும், அவர் கையிலும்கூட, கொடுக்கக் கூடாது. வங்கிக் கணக்கிலேயே கட்ட வேண்டும். எனக்கே நடைமுறை சொல்லித்தர ஒருவர் இருக்கிறார் என்பதை ஜீரணிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"எப்ப மாறும்?"

"ஒரு மாசம்னு சொல்லுவாங்க. கூடவும் ஆகலாம்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் நாற்பது நாளுக்குள் வரவில்லை. அந்தத் தொண்ணூறாயிரமும் வீட்டுக்கு முன்பணமாக வைத்திருந்த வைப்புத்தொகையிலிருந்துதான் எடுக்க வேண்டும். கட்டினாலும் வீடு தவறலாம். கட்டாவிட்டால் நிச்சயம் தவறும். மகளிடம் இரண்டையும் சொன்னேன்.

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "அது அம்மாவுக்கு வாங்கின கடன்தான?"

"ஆமா."

"பின்ன என்னப்பா. கட்டிருங்க."

இத்தனை வருடத்தில் அந்தக் கடனை நான் என் பெயரிலேயே யோசித்திருக்கிறேன். மகளுக்கு அது இரண்டு வருடமாக வாரம் இரண்டு முறை திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து கண்மூடிப் போய்வந்த ஒருத்தி. அதில் பாதியைக் கழித்துக்கொண்டதற்கு நான் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

எழுத்தில் வாங்கிக்கொண்டு பதினேழாம் நாள் கட்டினேன். பிறகு காத்திருந்தோம். மகள் தினமும் டியூட்டி முடிந்து வந்ததும் போனில் என் கடன் வரலாற்றை எடுத்துப் பார்ப்பாள். அதே வார்த்தை இருக்கும். முப்பத்தெட்டாம் நாள் வீட்டுக்காரருக்கு போன் செய்து இன்னும் ஒரு மாதம் கேட்டேன்.

"எனக்காக இருந்தா ஒரு வருசம் பொறுப்பேன் அண்ணாச்சி. நிக்காஹ் தேதிய நான் எப்படித் தள்ள?"

வீட்டை ஒரு ஜவுளி மொத்த வியாபாரி வாங்கினார். காலி செய்ய எங்களுக்கு இரண்டு மாதம் கொடுத்தார். பத்திரம் பதிவான ஒன்பதாம் நாள் என் வரலாற்றில் 'க்ளோஸ்டு' என்று வந்தது. மகள் போனை என்னிடம் நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன்.

இப்போது ரயில்வே கேட் பக்கம் ஒரு வாடகை வீடு. வங்கிக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறோம். இந்த முறை வீடு இல்லை, முதலில் ஒரு மனை. ஆகும் என்கிறார் மேலாளர். ஆகட்டும்.

குடிவந்த அன்று, சாமான்கள் வாசலிலேயே கிடக்க, எதிர்வீட்டு அம்மாள் வந்து விசாரித்தார். எந்த ஊர், என்ன உத்தியோகம் பார்த்தீர்கள் என்பதெல்லாம் முடிந்து, மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மக செட்டில் ஆயாச்சா அண்ணாச்சி?"

வழக்கமாக இதற்கு நான் வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு. அன்று நான் அதைச் சொல்வதற்குள், பாத்திர மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த மகள் நிமிராமலே சொன்னாள்.

"செட்டிலெல்லாம் ஆகலக்கா. முழுசா அடைச்சாச்சு."

அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கம் கேட்பவர்போல என்னைப் பார்த்தார். நான் அம்மியை உள்ளே தூக்கி வைக்கப் போய்விட்டேன்.