தெற்குச் சுவரும் ஒரு பென்சில் கோடும்

போன மாதம், ரிடயரான இன்ஜினீயர் எனக்கு ஒரு கௌரவம் வந்தது. அலிப்பூரில் பழைய ஆபீஸ் நண்பர்கள் நடத்தும் கருத்தரங்கில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு – ‘சுற்றுச்சூழலோடு ஒத்துப்போகும் கட்டடங்கள்’. இப்போதெல்லாம் எதை எடுத்தாலும் ‘கிரீன்’தானே? கட்டடம் மட்டும் என்ன பாவம் செய்தது!

பரணிலிருந்து என் கட்டடக் கையேட்டை இறக்கித் தூசி தட்டினேன். தலையணை சைஸ் புத்தகம். செங்கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும், எந்த ஊரில் எந்த மாதம் காற்று எந்தப் பக்கமிருந்து வரும், அதற்கு ஜன்னலை எங்கே வைக்க வேண்டும்... எல்லாம் அதில் உண்டு. காற்றோட்டம் பற்றிய அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு குறிப்பு எடுக்க ஆரம்பித்தேன். காலிங் பெல் அடித்தது.

கீழ் ஃபிளாட் சரோஜா. ரிடயர்டு டீச்சர். கணவர் முருகேசன் துறைமுகத்தில் ஆபீசராக இருந்தவர். ஜனவரியில் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல்.

“அண்ணா, ஒரு சந்தேகம். அவரு படுத்திருக்கிற ரூம்ல தெற்குச் சுவரை இடிச்சு ஒரு ஜன்னல் வைக்கலாமா? கட்டடம் தாங்குமா?”

“ஏன், என்ன ஆச்சு?”

“வெந்து போறாரு அண்ணா. ஃபேன் சூட்டைத்தான் சுத்தி விடுது. முதுகெல்லாம் கொப்புளம். வேற ரூமுக்கு மாத்தலாம்னா இந்த ரூம்லதான் பாத்ரூம் ஒட்டியிருக்கு. டாக்டர் வந்தவுடனேயே, ஏன் இந்த ரூமுக்குக் காத்தே இல்லன்னு கேக்கறாரு.” கொஞ்சம் தயங்கினார். “நீங்கதான் அன்னிக்கு, தெற்கே வச்சா வெயில் வரும்னு சொன்னீங்க. அதான் உங்களைக் கேட்டுட்டுச் செய்யலாம்னு...”

என் மேஜையில் புத்தகம் விரிந்து கிடந்தது. காற்றுப் பட்டியலில் கல்கத்தாவுக்கான வரி. (ஊர் பெயரை மாற்றிவிட்டார்கள். என் வாய் இன்னும் மாறவில்லை.) கோடையில் காற்று – தெற்கு. அதன் கீழே பென்சிலால் ஒரு கோடு.

கோடு போட்டவன் நான்தான். இந்தக் கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்பே!

கொஞ்சம் பின்னால் போகணும். தொண்ணூறுகளில், தமிழர்கள் அதிகமிருக்கும் லேக் மார்க்கெட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில், பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கினோம். டிசைன் – சாட்சாத் அடியேன். மனைக்குத் தெற்கே ஒரு குளம். இந்த ஊரில் அதைவிட அதிர்ஷ்டம் உண்டா? ‘சவுத் ஓப்பன்’ என்று ஒரு வார்த்தை போட்டாலே ஃபிளாட் விளம்பரத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். பெங்காலிகள் சமையலறை சின்னதாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். தெற்குக் காற்றை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

நாங்கள் யார்? தமிழர்களாச்சே! கமிட்டி செகரட்டரி வெங்கட்ராமன் மீட்டிங்குக்கு ஊரிலிருந்து ஒரு வாஸ்து புத்தகம் கொண்டுவந்தார். இருபது பக்கம் இருந்தால் அதிகம். “தெற்கு எமன் திசை ஸார். வாசல் கூடாதுன்னு போட்டிருக்கு. ஜன்னலும் ஒரு வகையில வாசல்தானே?” என்றார். ஒன்பது குடும்பம் தலையாட்டியது. என் தலையணைக் கையேடு, பிரிக்கப்படாமலேயே, அந்த இருபது பக்கத்திடம் மண்ணைக் கவ்வியது.

தோற்றதில்கூட வருத்தமில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததுதான்...

அதே மீட்டிங்கில் கடைசி வரிசையிலிருந்து சரோஜா எழுந்து, “குளத்துப் பக்கம் நல்லா காத்து வருமே, ஒரு ஜன்னலாவது வைக்கக் கூடாதா?” என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்த பெண்ணிடம் எமனைக் காரணம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வெங்கட்ராமனைப் பகைத்துக்கொள்ளவும் தைரியமில்லை. “டெக்னிக்கலா சரிப்படாதும்மா. தெற்கு வெயில் நேரா உள்ள வரும்” என்று ஒரே போடாகப் போட்டேன். பச்சைப் பொய். இந்த ஊரில் கோடைச் சூரியன் உச்சி மண்டையில் நிற்கும். ஒரு சின்ன சன்ஷேட் வைத்தால் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அதுவும் அதே புத்தகத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தது.

“நீங்க சொன்னா சரி அண்ணா” என்று உட்கார்ந்துவிட்டார்.

நாலு மாடி உயரத்துக்கு மொட்டைச் சுவர் எழும்பியது. கட்டின கொத்தனார் ஹரிபதோ ஒவ்வொரு மாடியிலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “தாதா, தொக்கின் பந்தோ கேனோ?” – தெற்கை ஏன் அடைக்கிறீர்கள் – என்று கேட்பான். நான் வாட்சைப் பார்ப்பேன்.

இப்போது அதே சரோஜா என் வாசலில். என்ன சொல்வது? “கட்டடம் தாங்கும்மா. தூண்கள்தான் தாங்குது, அது வெறும் அடைப்புச் சுவர். மேலே ஒரு லின்டல் போட்டா போதும்” என்றேன். அது உண்மை. மீதி உண்மையைப் புத்தகத்தோடு சேர்த்து மூடி வைத்தேன்.

வெளிச்சுவரில் கை வைக்கக் கமிட்டியின் சம்மதம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். இன்னமும் வெங்கட்ராமன்தான் செகரட்டரி. “படுக்கையில இருக்கிற மனுஷன். இப்பப் போய்த் தெற்கைத் திறக்கணுமா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா...” என்று இழுத்தார். கெட்டவர் இல்லை. முருகேசனை ஸ்ட்ரோக் அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். பயம். வேறென்ன? “இன்ஜினீயரே அன்னிக்கு டெக்னிக்கலா சரிப்படாதுன்னு சொன்னாரே!” என்று என்னையே சாட்சிக்கு இழுத்தார்.

சரோஜா தலையைக் குனிந்துகொண்டார். கேட்பதை விட்டுவிடப் போகிறார் என்று தெரிந்தது.

எழுந்தேன். “நான் அன்னிக்குச் சொன்னது பொய்.”

கையேட்டை மேஜையில் வைத்து, பென்சில் கோடு போட்ட பக்கத்தைக் காட்டினேன். ஒருவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். அது ஒரு சுற்று வந்தது. “அப்ப இத்தனை வருஷமா ஏன் ஸார் வாயைத் திறக்கல?” என்றார் வெங்கட்ராமன். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். தெரிந்ததைத் தெரிந்தவன் சொல்லாமல் இருந்துவிட்டு, ‘கமிட்டி முடிவு’ என்று கையை உதறிக்கொள்வது எங்கள் கட்டடத்தில் மட்டுமா நடக்கிறது?

சம்மதம் கிடைத்தது. ஹரிபதோவையே தேடிப் பிடித்தேன். மீசை நரைத்திருந்தது. சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உளியை எடுத்தான்.

போன புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. கிரில்கூட இன்னும் மாட்டவில்லை. வடக்குப் பக்கக் கதவையும் திறந்து வைக்கச் சொன்னேன். காற்று உள்ளே வந்தால் போதாது, வெளியே போகவும் வழி வேண்டும். குளத்து ஈரத்தோடு குபுகுபுவென்று வந்தது. காலண்டர் படபடத்தது. முருகேசன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். பிறகு குழறிக் குழறிச் சொன்னார்:

“எமன்... நல்லாத்தான்... வீசறான்யா!”

வெங்கட்ராமன்தான் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. சரோஜாவிடம், “மன்னிச்சிடுங்கம்மா” என்றேன்.

டீ கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “விடுங்க அண்ணா. காத்து எந்தப் பக்கமிருந்து வரும்னு எனக்கும்தான் தெரியும். நீங்க இன்ஜினீயர், உங்களுக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்.”

அவர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் எடுத்தார் என்று சொன்னேனா? பூகோளம்.