ஒரு சாண் பிழை

சர்வே பாடத்தில் நான் ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டவன். பேரையூரில் என் அப்பாவோ டீக்கடையில் "எம்மகன் இஞ்சினியரு" என்று அறிவித்தே விட்டார். மூன்றாம் ஆண்டு சர்வே கேம்ப்பிலும் தோற்றால் ஒரு வருடம் போகும். அதைவிட, அந்த டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

கேம்ப் எழுமலைக்குப் பக்கத்தில், ஒரு கண்மாய்க் கரையில். நாலு பேர் ஒரு குழு. ஓரிடத்தில் தொடங்கி, மேடுபள்ளம் அளந்தபடியே கண்மாயைச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். முதலில் எடுத்த உயரமும் கடைசியில் வரும் உயரமும் ஒத்துப்போக வேண்டும். பத்து மில்லிமீட்டர் வரை தப்பினால் மன்னிப்பு உண்டு.

அசையாத பொருளில் தொடங்குங்கள் என்றார் பேராசிரியர். தண்ணீர் ஓரமாகப் பெரிய துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. அதன் தலையில் சிவப்பு எனாமல் பெயின்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

சாயங்காலம் திரும்பினால் குறியைக் காணோம். "துவைச்சதுல அழிஞ்சிருக்கும் மாப்ள" என்றான் எங்கள் குழுவில் இருந்த மதுரை கோச்சடைக்காரன். எனாமல் பெயின்ட் ஒரு நாள் சோப்புக்கு அழியுமா என்று நாளைய பொறியாளர்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அளந்தோம். இருபத்திரண்டு சென்டிமீட்டர் பிழை! எனக்கு வந்த கோபத்தில் அளவுகோல் பிடித்தவனை அடிக்கவே போனேன்.

பிறகு பயந்த மாணவர்கள் செய்வதைச் செய்தோம். விடையை வைத்துக்கொண்டு கணக்கைப் பின்னாலிருந்து சமைத்தோம். பிழை சைபர். உண்மை அளவுகள் இருந்த பழைய தாளை நோட்டிலிருந்து கிழித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பேராசிரியர் எங்கள் நோட்டைப் பிரித்த நேரம் பார்த்து, ஊர்க்கார அக்கா ஒருவர் வேட்டியோடு வந்து நின்றார். வெள்ளை வேட்டியின் நடுவே சிவப்புப் பெருக்கல் குறி.

"கல்லுல பெயிண்ட அடிச்ச மகராசன் யாரு சார்? எங்க வீட்டுக்காரரு விசேசத்துக்குக் கட்டுற வேட்டி இது. ஆத்தரம் தாங்காம நாலு பேரச் சேத்துக்கிட்டு அந்தக் கல்லையே குப்புறப் புரட்டிப் போட்டுட்டேன்."

"புரட்டுனதுல கல்லு எறங்குச்சாம்மா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"சகதிதானே சார், இம்புட்டு எறங்கிருச்சு" என்று விரலை விரித்து ஒரு சாண் காட்டினார்.

பேராசிரியர் அந்தச் சாணைப் பார்த்தார். எங்கள் சைபரைப் பார்த்தார். "கல்லு ஒரு சாண் எறங்கியும் உங்க பிழை சைபரா?"

உள்ளதை எழுதியிருந்தால் அந்த அக்கா எங்களுக்குச் சாட்சி சொல்லியிருப்பார். பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினேன். கோச்சடைக்காரன் என் காலை மிதித்தான்.

பேராசிரியர் தாளை நிதானமாகப் படித்தார். "சரியாத்தானே அளந்திருக்கீங்க? அதை நம்பத்தான் தைரியம் இல்லை. மறுபடி சுத்துங்க. இந்தத் தடவையும் சமைச்சா, அடுத்த வருஷம் பாப்போம்."

முதலில் வேட்டியை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தோம். சிவப்பு ரோஸ் நிறமானதோடு சரி. அந்த அக்கா திட்டிக்கொண்டே வாங்கிப் போனார். பிறகு மதகின் கருங்கல்லில் தொடங்கி, வெயிலில் கண்மாயை முழுசாகச் சுற்றி வந்தோம். எட்டு மில்லிமீட்டர் பிழை.

"எட்டுதானே மாப்ள, சைபராக்கிருவமா?" என்றான் கோச்சடைக்காரன்.

அவன் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி, எட்டு என்று பெரிதாக எழுதினேன்.